விமானத்தை முடக்கிய ட்ரோன், தேவாலயத்தைக் காப்பாற்றிய ட்ரோன்... எங்கே வித்தியாசம்?

2025 ஜனவரி 9. லாஸ் ஏஞ்சல்ஸின் பாலிசேட்ஸ் பகுதியில் காட்டுத்தீ வீடுகளை விழுங்கிக்கொண்டிருந்தது. தண்ணீரை மொண்டு வந்து தீயின் மேல் கொட்டும் ‘சூப்பர் ஸ்கூப்பர்’ விமானத்தின் இறக்கையில் திடீரென ஓர் ஓட்டை. பத்திரமாகத் தரையிறங்கிவிட்டது. ஆனால், சில நாள்களுக்கு அதனால் பறக்க முடியவில்லை. ஒரு நடைக்கு சுமார் 6,000 லிட்டர் தண்ணீர் கொண்டுவரும் விமானம் அது. கனடாவின் கியூபெக்கிலிருந்து வாடகைக்கு வந்தது.

மோதியது எது தெரியுமா? கால் கிலோகூட இல்லாத ஒரு ட்ரோன். தீ எப்படி எரியுது என்று பார்க்க, சான்டா மோனிகாவின் பார்க்கிங் கட்டட மாடியிலிருந்து ஒருவர் பறக்கவிட்டது. இரண்டரை கிலோமீட்டர் தள்ளிப் போனது. அவர் கண்ணுக்கே தெரியவில்லை. பின்னர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

அப்போ தீ எரியும் இடத்தில் ட்ரோனே கூடாதா? அப்படியும் இல்லை.

2019 ஏப்ரல் 15 அன்று பாரிஸின் நோத்ர தாம் தேவாலயம் எரிந்தபோது, விமானத்திலிருந்து தண்ணீர் கொட்டச் சொன்னார் ட்ரம்ப். கொட்டியிருந்தால் கட்டடமே இடிந்திருக்கலாம். குழாய்களால்தான் அணைக்க வேண்டும். ஆனால் எந்தப் பக்கம் திருப்புவது? கீழே நின்றால் புகைதான் தெரியும். அரசுத் துறைகளிடம் இரவல் வாங்கிய ட்ரோன்கள் மேலிருந்து காட்டிய படத்தை வைத்து வீரர்கள் முடிவெடுத்தார்கள். இரட்டைக் கோபுரங்கள் பிழைத்தன. அவையும் கடையில் கிடைக்கிற மாடல்கள்தான்!

ட்ரோன் தீயை அணைப்பதில்லை, பார்த்துச் சொல்கிறது. வெப்பக் கேமரா இருந்தால், புகைக்குள்ளும் இருட்டிலும் எங்கே இன்னும் கனன்றுகொண்டிருக்கிறது என்று காட்டும். சிறிய ட்ரோன்களுக்கு பேட்டரி அரை மணி நேரம் தாங்கினாலே பெரிசு.

ஆக, கருவி ஒன்றுதான். யார் பேச்சைக் கேட்டுப் பறக்கிறது என்பதுதான் கேள்வி. தீயணைப்புத் துறையின் ட்ரோன், விமானம் வருகிறது என்றால் இறங்கிவிடும். மாடியிலிருந்து கிளம்பிய ட்ரோனுக்கு யார் சொல்வது? அமெரிக்காவில் தீயணைப்புப் பணியை ட்ரோனால் தடுத்தால் 12 மாதம் வரை சிறை, 75,000 டாலர் வரை அபராதம். ஆனால் தண்டனை வருவதற்குள் தீ பரவிவிடுமே! அதனால் தடை சட்டத்தில் மட்டும் இருந்தால் போதாது, ட்ரோனுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

நடந்ததோ நேர்மாறு. மோதல் நடந்து நான்காவது நாள், ஜனவரி 13 அன்று, தடைசெய்யப்பட்ட பகுதிகளுக்குள் தன் ட்ரோன்கள் பறப்பதை அமெரிக்காவில் இனி தடுக்கப்போவதில்லை, எச்சரிக்கை மட்டும் காட்டுவோம் என்று அறிவித்தது டிஜேஐ. அந்த எச்சரிக்கையைத் தள்ளிவிட ஒரு விரல் போதும்.