சிரியா: போரைத் தொடங்கியது யார்?

அரசை எதிர்த்து இளைஞர்கள் தெருவுக்கு வரும்போதெல்லாம் அறிவுரை சொல்ல ஒரு கூட்டம் வந்துவிடுகிறது. ‘சிரியாவைப் பாருங்கள், போராட்டம் என்று தொடங்கினார்கள், நாடே சுடுகாடாகிவிட்டது’ என்பது அவர்கள் வாதம். எதிர்ப்பக்கத்தில் இன்னொரு குரலும் உண்டு. ‘அமைதியாகப் போராடி என்ன கண்டார்கள்? முதல் நாளே துப்பாக்கி எடுத்திருக்க வேண்டும்’ என்கிறது அது. சிரியாவில் எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்று வரிசைப்படுத்திப் பார்க்க இரு தரப்புமே தயாராக இல்லை.

நாம் பார்ப்போம். 1963 முதல் நெருக்கடி நிலைச் சட்டத்தின் கீழ் இருந்த நாடு அது. 1970இல் ஆட்சியைப் பிடித்த ஹபீஸ் அல் அசாத் இறந்ததும் 2000இல் மகன் பஷார் அதிபரானார். 2011இன் தொடக்கத்தில், தெற்கே தரா நகரில் பள்ளிச் சிறுவர்கள் சிலர் சுவரில் ஆட்சிக்கு எதிராக எழுதினார்கள். உளவுப்படை அவர்களைப் பிடித்துச் சென்று சித்திரவதை செய்தது. பிள்ளைகளைக் கேட்டுப் போன பெற்றோர் அவமதிக்கப்பட்டனர். மார்ச் 18 அன்று மக்கள் ஊர்வலம் போனார்கள், படைகள் சுட்டன. மறுநாள் பிணங்களைச் சுமந்து போனவர்களையும் தாக்கின. அன்று மக்கள் கேட்டது ஆட்சி மாற்றம்கூட அல்ல. பிள்ளைகளை விடு, சுட்டவர்களைத் தண்டி, நெருக்கடி நிலைச் சட்டத்தை நீக்கு என்பதே கோரிக்கை.

ஏப்ரல் 21 அன்று சட்டத்தை நீக்குவதாக அசாத் கையெழுத்திட்டார். மறுநாள் வெள்ளிக்கிழமை நாடெங்கும் ஊர்வலம் போனவர்கள் மீது துப்பாக்கிச் சூடு. ஒரே நாளில் பல பத்துப் பேர் கொல்லப்பட்டனர். ஏப்ரல் 25 அன்று தராவுக்குள் டாங்கிகள் நுழைந்தன. தண்ணீரும் மின்சாரமும் துண்டிக்கப்பட்டன. இத்தனைக்கும் பிறகு மாதக்கணக்கில் ஊர்வலங்களில் கேட்ட முழக்கம் ‘சில்மியா’, அதாவது ‘அமைதி வழி’ என்பதுதான்.

அரசு முதலில் யாரைக் குறிவைத்தது என்று பாருங்கள். டமாஸ்கஸை ஒட்டிய தராயாவில் கியாத் மதார் என்ற தையல் தொழிலாளி, சுட வந்த சிப்பாய்களுக்கு ரோஜாப்பூவும் தண்ணீர் பாட்டிலும் கொடுக்கும் போராட்டத்தை முன்னெடுத்தார். 2011 செப்டம்பரில் அவரைக் கைது செய்தார்கள். சில நாட்களில் பிணமாகத் திருப்பிக் கொடுத்தார்கள். துப்பாக்கி எடுத்தவனைப் பயங்கரவாதி என்று உலகத்திடம் காட்டிவிடலாம். பூவோடு நிற்பவனை அப்படிக் காட்ட முடியாது. அசாத் ஆட்சிக்கு அவனே பெரிய ஆபத்து.

அதே ஆண்டு மே இறுதியில் அசாத் பொது மன்னிப்பு அறிவித்தார். சைட்னாயா சிறையிலிருந்து அந்த மாதங்களில் வெளியே வந்தவர்களில் மதவாத ஆயுத அரசியலில் ஊறியவர்களும் இருந்தனர். அமைதிவழிப் போராளிகளால் சிறைகள் நிரம்பிக்கொண்டிருந்த நேரம் அது. அப்படி வெளியே வந்த சஹ்ரான் அல்லூஷ் பின்னர் ‘ஜெய்ஷ் அல் இஸ்லாம்’ என்ற ஆயுதக் குழுவின் தலைவரானார். 2013 டிசம்பரில், அந்தக் குழுவின் செல்வாக்கில் இருந்த டூமா நகரில், மனித உரிமை வழக்கறிஞர் ரஸான் ஜைத்தூனே மூன்று தோழர்களுடன் கடத்தப்பட்டார். உள்ளூர் ஒருங்கிணைப்புக் குழுக்களைக் கட்டியவர்களில் ஒருவர் அவர். திரும்பி வரவே இல்லை.

அசாத்தின் இன்னொரு ஆயுதம் பிறப்பு. சாதி எதிர்ப்பாளர்களான நாம் மிகக் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி இது. அசாத் குடும்பம் அலவி என்ற சிறுபான்மைப் பிரிவைச் சேர்ந்தது. நிலவுடைமையாளர்களிடம் நெடுங்காலம் ஒடுங்கிக் கிடந்த ஏழை மலைவாழ் விவசாயிகள் அவர்கள். அசாத் ஆட்சியில் ராணுவத்திலும் உளவுப்படையிலும் உச்சப் பதவிகள் அவர்களில் சிலருக்குக் கிடைத்தன. பெரும்பாலோர் ஏழைகளாகவே இருந்தனர். ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து ஒருவர் அரியணை ஏறுவதும் அந்தச் சமூகம் விடுதலை பெறுவதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ‘நான் போனால் உங்களை வெட்டிவிடுவார்கள்’ என்ற அச்சத்தை ஊட்டி, அந்த ஏழைகளையே தன் ஆட்சிக்குக் கேடயமாக்கினார் அசாத்.

ஊர்வலத்தில் போனவர்கள் ‘சிரிய மக்கள் ஒன்றே’ என்று முழங்கினார்கள். அரசோ ‘ஷபீஹா’ என்ற அடியாள் படையை ஏவியது. 2012 மே 25 அன்று ஹவ்லாவில் 108 பேர் கொல்லப்பட்டனர். அவர்களில் 49 பேர் குழந்தைகள். அரசுப் படைகளும் ஷபீஹாவுமே பொறுப்பு என்று ஐ.நா. விசாரணை ஆணையம் கண்டறிந்தது. இப்படிப்பட்ட படுகொலைக்குப் பிறகு பக்கத்து ஊர்க்காரன் யார் என்ற கேள்விக்குப் பிறப்பைத் தவிர வேறு பதில் இல்லாமல் போகிறது. 1962 கணக்கெடுப்பில் சுமார் 1,20,000 குர்துகளிடமிருந்து பறிக்கப்பட்ட குடியுரிமையை, அசாத் அரசு 2011 ஏப்ரலில் அவசரமாகத் திருப்பித் தர முன்வந்ததும் இந்தப் பிரித்தாளும் கணக்கில்தான்.

சொந்த மக்களைச் சுட மறுத்த சிப்பாய்கள் படையை விட்டு ஓடிவந்தார்கள். 2011 ஜூலையில் ‘சுதந்திர சிரியப் படை’ அறிவிக்கப்பட்டது. ஊர்வலத்தைக் காக்கவே துப்பாக்கி என்றார்கள். உயிரைக் காக்க எழுந்த கையை இங்கே பாதுகாப்பாக உட்கார்ந்துகொண்டு நாம் தீர்ப்பிட முடியாது. ஆனால் விளைவைச் சொல்லாமலும் இருக்க முடியாது. தோட்டா வேண்டுமென்றால் பணம் வேண்டும். பணம் சவூதியிலிருந்தும் கத்தாரிலிருந்தும் துருக்கி வழியாகவும் வந்தது. அதன்பின் முடிவெடுக்கும் இடம் தெருவிலிருந்து வெளிநாட்டுத் தலைநகரங்களுக்குப் போனது. குழுக்களை நடத்திய பெண்கள் ஓரம் கட்டப்பட்டார்கள். அரசின் பக்கம் ஈரானும் ஹிஸ்புல்லாவும், 2015இல் ரஷ்ய விமானங்களும் நின்றன. 2012 ஜூலையில் செஞ்சிலுவைச் சங்கம் இதை உள்நாட்டுப் போர் என்று அறிவித்தது. முதல் பத்தாண்டுகளில் மட்டும் 3,06,887 பொதுமக்கள் கொல்லப்பட்டதாக ஐ.நா. மனித உரிமை அலுவலகம் மதிப்பிட்டது. மக்கள்தொகையில் பாதிக்கு மேல் வீடிழந்தார்கள்.

2024 டிசம்பர் 8 அன்று அசாத் நாட்டை விட்டு ஓடினார். சிறைக் கதவுகள் திறந்தன. ஆனால் 2025 மார்ச்சில் கடலோரத்தில் அலவி மக்களும், ஜூலையில் சுவைதாவில் துரூஸ் மக்களும் பிறப்பின் பெயரால் கொல்லப்பட்டார்கள். ஆட்சி விழுந்தது, அது விதைத்த பிரிவு விழவில்லை.

1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய அவையில் பேசிய அம்பேத்கர், அரசியல் சட்ட வழிகள் திறந்திருக்கும்போது வேறு வழிகளுக்கு நியாயமில்லை என்றார். அந்த வழிகளே இல்லாதபோது மற்ற வழிகளுக்குப் பெருமளவு நியாயம் இருந்தது என்பதையும் அதே பேச்சில் சொன்னார். முதல் பாதியை மட்டும் போராடுகிறவர்களுக்கு உபதேசிப்பவர்கள், இரண்டாம் பாதியை அரசுக்குச் சொல்ல வேண்டும். நீதிமன்றத்தையும் தேர்தலையும் ஊர்வலத்தையும் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே வருகிற அரசுதான் உள்நாட்டுப் போரின் முதல் தளபதி.

நமக்கான வேலையும் அந்தப் பேச்சில் இருக்கிறது. சமூக ஜனநாயகம் இல்லாமல் அரசியல் ஜனநாயகம் நிலைக்காது என்றார் அவர். பிறப்பால் பிரிந்து கிடக்கும் மக்களைத் தனித்தனியாக அச்சுறுத்துவது எந்தச் சர்வாதிகாரிக்கும் எளிது. ஆகவே சாதி ஒழிப்பை ‘ஆட்சி மாறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளி வைக்காதீர்கள். இன்றைய போராட்டக் குழுவுக்குள்ளேயே யார் பேசுகிறார்கள், யார் தேநீர் எடுத்து வருகிறார்கள், யாருடைய தெருவில் கூட்டம் நடக்கிறது என்று கேளுங்கள். ‘சிரிய மக்கள் ஒன்றே’ என்று தெருவில் முழங்கியவர்களுக்கு அந்த ஒற்றுமையை ஊர் ஊராகக் கட்ட அசாத் அவகாசம் தரவில்லை. நமக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது.