பாடசாலை மாறினால் கெம்பஸ் கனவு போய்விடுமா?



பதுளை, பண்டாரவளை, வெலிமடை, பசறை, ஹாலிஎல, லுணுகலை பக்கத்துப் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளை பாடசாலை மாறியிருந்தால், அல்லது மாற்றும் யோசனை இருந்தால், கடைசி வரை வாசியுங்கள்.

ஒவ்வொரு வருடமும் ஆசிரியர்களாகிய எங்களிடம் வரும் கேள்வி இது. "சேர், பழைய ஸ்கூல்ல 80 எடுத்த புள்ள. இங்க வந்து 50 தான் எடுக்குது. இனி கெம்பஸ் கிடைக்காதா?" கேட்கும் தாயின் முகத்தில் பயம் தெரியும். பிள்ளை பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நிற்கும்.

எங்கள் பகுதியில் பிள்ளைகள் ஆசைக்காகப் பாடசாலை மாறுவதில்லை. தோட்டப் பாடசாலை தரம் 11 உடன் முடிந்துவிடுகிறது, உயர்தரத்துக்கு டவுனுக்கு வந்தே ஆக வேண்டும். உம்மா மத்திய கிழக்குக்குப் போனால் பிள்ளை உம்மம்மா வீட்டுக்குப் போகிறது. அப்பாவுக்குக் கொழும்பில் வேலை கிடைத்தால் குடும்பமே போகிறது. சில நேரம் மலையே சரிந்து விடுகிறது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனபோது, தப்பிய குடும்பங்கள் பாடசாலைகளில்தான் தங்கின. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நடந்துகொண்டிருந்த உயர்தரப் பரீட்சையே இடையில் ஒத்திவைக்கப்பட்டது. வீடு போன பிள்ளைகள் எந்தப் பாடசாலையில் இடம் கிடைத்ததோ அங்கே உட்கார்ந்தார்கள். இந்தப் பிள்ளைகளிடம் போய் "ஏன் மாறினாய்" என்று கேட்பதில் அர்த்தமில்லை.

முதலில் பயத்தைத் தெளிவாக்கிக் கொள்வோம். எங்கள் நாட்டில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தவணைப் பரீட்சைப் புள்ளி எதற்கும் எடுபடாது. பழைய பாடசாலையில் எடுத்த 80ஐயும் யாரும் பார்ப்பதில்லை, புதிய பாடசாலையில் எடுத்த 50ஐயும் யாரும் பார்ப்பதில்லை. வெளிநாட்டுப் படங்களில் வருவது போல நாலு வருடப் பள்ளிப் புள்ளியைக் கூட்டிப் பார்க்கும் முறை இங்கே கிடையாது. ஒரே தடவையில் எழுதும் மூன்று உயர்தரப் பாடங்களிலும் குறைந்தது எஸ் சித்தி, பொதுச் சாதாரணப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளி, பிறகு இஸட் புள்ளி. இவைதான் கணக்கு.

இஸட் புள்ளி 2001 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒரு பாடத்தில் நீங்கள் எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தை எழுதிய எல்லோருடைய சராசரியையும் கழித்து, நியம விலகலால் பிரிப்பார்கள். உதாரணத்துக்கு, ஒரு பாடத்தில் சராசரி 45, விலகல் 15 என்று வையுங்கள். 60 எடுத்தவருக்கு 1. இன்னொரு பாடத்தில் சராசரி 30, விலகல் 12. அங்கே 54 எடுத்தவருக்கு 2. புள்ளி குறைவு, ஆனால் இஸட் கூட. மூன்று பாடங்களின் சராசரிதான் இறுதி இஸட். ஆகவே நாட்டில் அந்தப் பாடம் எழுதிய எல்லோர் மத்தியிலும் பிள்ளை எங்கே நிற்கிறது என்பதுதான் கேள்வி. வகுப்பில் எத்தனையாம் பிள்ளை என்பது அந்தக் கணக்கில் இல்லை. பாடசாலைக்குப் பாடசாலை தாளும் திருத்தும் கையும் மாறும்போது 80 எப்படி 50 ஆனது என்று அழுதுகொண்டிருப்பதில் பிரயோசனம் இல்லை. எந்த அலகு விடுபட்டது என்று பாருங்கள்.

அப்படியானால் பாடசாலை மாறுவதில் ஆபத்தே இல்லையா? இருக்கிறது. ஆனால் நாங்கள் பயப்படும் இடத்தில் இல்லை.

முதல் ஆபத்து, பாடம். சாதாரண தரத்தில் ஆறு கட்டாயப் பாடங்கள், மூன்று தொகுதிப் பாடங்கள். தரம் 10இல் சங்கீதம் எடுத்த பிள்ளை முஸ்லிம் பாடசாலைக்கு வந்தால் அங்கே சங்கீத ஆசிரியர் இல்லாமல் இருக்கலாம். அரபு இலக்கியம் எடுத்த பிள்ளை தமிழ்ப் பாடசாலைக்குப் போனால் அதே நிலைமை. சமயமும் அப்படித்தான். சைவநெறி படிக்கும் பிள்ளை எங்களிடம் வந்தாலும், இஸ்லாம் படிக்கும் பிள்ளை தோட்டத்துப் பாடசாலைக்குப் போனாலும், அந்தக் கட்டாயப் பாடத்தைத் தனியே புத்தகத்தை வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டி வருகிறது. கெட்டிக்காரப் பிள்ளையின் ஒன்பது ஏ எட்டாவது இப்படித்தான். இதைப் புதிய பாடசாலைக்குப் போகும் முதல் நாளே கேட்க வேண்டும். பெரும்பாலும் நாங்கள் கேட்பதில்லை.

இரண்டாவது, பிரிவு. விஞ்ஞானப் பிரிவு உள்ளது 1ஏபி பாடசாலைகளில். 1சி பாடசாலையில் கலையும் வர்த்தகமும்தான். கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் ஏ எடுத்த எத்தனையோ தோட்டத்துப் பிள்ளைகள், பக்கத்தில் இருப்பது 1சி என்பதற்காகவே கலைப்பிரிவில் உட்கார்ந்திருக்கிறார்கள். பதுளையில், பசறை வீதியில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் 2005 முதல் இருக்கிறது. தேயிலைத் தொழினுட்பத்துக்கென்றே பட்டப்படிப்பு தொடங்கிய இடம் அது. கொழுந்து பறிக்கும் தாயின் பிள்ளை அந்தப் பட்டத்தைப் படிக்க வேண்டுமென்றால் உயர்தரத்தில் விஞ்ஞானம் வேண்டும். மலையின் கீழே பல்கலைக்கழகம் இருக்கிறது, மலையின் மேலே விஞ்ஞான ஆசிரியர் இல்லை. வெட்கப்பட வேண்டியது பிள்ளை அல்ல.

மூன்றாவது, மாவட்டம். பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்டச் சனத்தொகைப்படி, மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில் பதுளையும் இருக்கிறது, மொனராகலையும் இருக்கிறது. நல்ல டியூஷன் கிடைக்கும் என்று கண்டிக்கோ கொழும்புக்கோ பிள்ளையை மாற்றும் பெற்றோர் இதை யோசிக்க வேண்டும். எந்த மாவட்டம் என்று பார்க்கும்போது பிள்ளை படித்த பாடசாலைகளையும் நிரந்தர வதிவிடத்தையும் கேட்பார்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூல் ஒவ்வொரு வருடமும் தமிழிலும் வருகிறது. மாவட்டம் பற்றிய பகுதியைப் பாடசாலை மாற்ற முன்னர் வாசியுங்கள். பெறுபேறு வந்த பின் வாசித்துப் பயனில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வெட்டுப்புள்ளி குறைவு என்பதற்காக வெளிமாவட்டப் பிள்ளைகளை மலையகப் பாடசாலைகளில் பெயருக்குப் பதியும் கதை பல வருடமாகப் பேசப்படுகிறது. இங்கே வாழ வந்த குடும்பத்தின் பிள்ளை எங்கள் பிள்ளைதான், அதில் பேச்சில்லை. ஆனால் இடாப்பில் மட்டும் பெயர் இருந்து, வகுப்பில் ஒரு நாளும் முகம் காட்டாத பிள்ளைக்குக் கையெழுத்து வைப்பது, லயத்தில் பிறந்த ஒரு பிள்ளையின் இடத்தை எடுத்துக் கொடுப்பதாகும். அந்த 5 வீதம் இங்கே பட்ட கஷ்டத்துக்காகக் கொடுக்கப்பட்டது. அது அமானிதம். எந்த மதத்துக்காரர் செய்தாலும் தப்புத்தான்.

நான்காவதுதான் எங்களுக்கு மிகவும் வலிக்கும் விஷயம். பெறுபேற்று வீதம் குறைந்துவிடும் என்று மாறி வரும் பிள்ளையை எடுக்க மறுக்கிறார்கள். "இடம் இல்லை", "விடுகைப் பத்திரம் சரியில்லை", "அடுத்த தவணை பார்ப்போம்" என்று இரண்டு மாதம் அலைய விடுகிறார்கள். இல்லாவிட்டால் "தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதட்டும்" என்று நல்ல வார்த்தையில் வெளியே அனுப்புகிறார்கள். பாடசாலைப் பரீட்சார்த்தியாக உயர்தரம் எழுதப் பொதுவாக 80 வீத வரவு கேட்பார்கள். அந்த இரண்டு மாதத்தில் பிள்ளை இழப்பது பாடத்தை மட்டும் அல்ல. சரி, மேசன் வேலைக்குப் போகிறேன், கொழும்பில் கடைக்குப் போகிறேன் என்று ஒரு பிள்ளை முடிவெடுக்க இரண்டு மாதம் தாராளம். நூறு வீதம் சித்தி என்று பெனர் அடிக்கும்போது, யாரை வெளியே விட்டு அந்த நூறு வந்தது என்று ஊர் கேட்க வேண்டும்.

ஆகவே எங்கள் அபிப்பிராயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

பெற்றோருக்கு: தரம் 11இலும் உயர்தர இரண்டாம் வருடத்திலும், வேறு வழியே இல்லாவிட்டால் தவிர, மாற்றாதீர்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் தவணை ஆரம்பத்தில் மாற்றுங்கள். விடுகைப் பத்திரம், தவணை அறிக்கைகள், கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்று எல்லாவற்றிலும் ஒரு பிரதி வீட்டில் வையுங்கள். இடம் மறுத்தால் அதை எழுத்தில் கேளுங்கள், வலயக் கல்விப் பணிமனைக்குப் போங்கள். பிள்ளையைப் பழைய புள்ளியோடு ஒப்பிட்டு ஏசாதீர்கள்.

பிள்ளைகளுக்கு: முதல் தவணை விழும். அது சரியாகும். விடுபட்ட அலகுகளை எழுதிக்கொண்டு ஆசிரியரிடம் வாருங்கள். கடந்தகால வினாத்தாள் எல்லாப் பாடசாலைக்கும் ஒன்றுதான். பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரத்தை மூன்று தடவை எழுதலாம் என்பதையும் ஞாபகம் வையுங்கள். பல்கலைக்கழகம் தவறினாலும் பிந்துனுவெவ கல்வியியற் கல்லூரி, பத்தனை ஸ்ரீ பாத கல்வியியற் கல்லூரி, திறந்த பல்கலைக்கழகம், தொழினுட்பக் கல்லூரி என்று வாசல்கள் உண்டு.

ஆசிரியர்களாகிய எங்களுக்கு: புதிதாக வந்த பிள்ளையை முதல் கிழமையே தனியே கூப்பிட்டு எது படித்தாய், எது படிக்கவில்லை என்று கேட்க அரை மணித்தியாலம் போதும். சமயப் பாட ஆசிரியர் இல்லாத பாடசாலைகள் பக்கத்துப் பாடசாலையோடு பேசி, சனிக்கிழமை ஒரு வகுப்பைப் பகிரலாம். எங்கள் பாடசாலைக்கு ஒரு சைவநெறி ஆசிரியர் வரட்டும், எங்கள் மௌலவி ஆசிரியர் தோட்டத்துக்குப் போகட்டும். இதற்குச் சுற்றறிக்கை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

பள்ளிவாசல், கோயில், தேவாலய நிர்வாகங்களுக்கு: பரிசளிப்பு விழாவில் ஒன்பது ஏ எடுத்த பிள்ளைக்குக் கேடயம் கொடுக்கிறீர்கள், சந்தோஷம். அந்தக் காசில் பாதியை, தோட்டத்திலிருந்து டவுனுக்கு உயர்தரம் படிக்க வரும் ஒரு பிள்ளையின் பஸ் காசுக்கு ஒதுக்குங்கள். காலை ஐந்தரை மணி பஸ்ஸைத் தவறவிட்டால் அந்தப் பிள்ளைக்கு அன்றைய பாடம் முழுதும் போய்விடுகிறது.

பாடசாலை மாறிய பிள்ளை உங்கள் வீட்டிலோ பக்கத்து லயத்திலோ இருந்தால், இந்தப் பதிவைக் காட்டுங்கள். பாடம், பிரிவு, மாவட்டம் பற்றிக் கேள்வி இருந்தால் கீழே கேளுங்கள், தெரிந்தவர்கள் பதில் சொல்வோம், இன்ஷா அல்லாஹ்.