தாய்க்கு ஏன் இந்தத் தண்டனை?

சென்ற மாரிக் காலத்தில் ஒரு முற்பகல், ஹட்டனிலுள்ள எமது அலுவலகத்தின் மாடிப்படிகளில், பத்து வயது மகனை முதுகிற் சுமந்தவண்ணம் ஒரு தாய் ஏறி வந்தார். கொழுந்துக் கூடை சுமந்து பழகிய முதுகு அது. கூடையையாவது நிறுவைக்குக் கொடுத்துவிட்டு இறக்கி வைக்கலாம். இந்தச் சுமையை இறக்கி வைக்க அவருக்கு ஓரிடமுமில்லை. மகனை நாற்காலியில் அமர்த்தி, வழுக்கி விழாதபடி தம் சேலைத் தலைப்பால் அவனை அணைத்துக் கட்டிய பின்னரே அவர் வாய் திறந்தார்.

அவர் கேட்டது மருந்தைப் பற்றியன்று. உதவிப் பணத்தைப் பற்றியுமன்று. "ஐயா, இந்த நோவு என்னோட ரத்தத்திலேருந்து வந்ததுன்னு டாக்டர் சொன்னாராம். அதை வச்சு என்னைய வீட்டை விட்டுத் தள்ளிவைக்கச் சட்டத்தில இடமிருக்கா?" என்றே கேட்டார்.

இல்லை, அம்மா, இல்லவே இல்லை என்றோம். இந்நாட்டின் 1907 ஆம் ஆண்டு விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் மணமுறிவுக்கு மூன்றே மூன்று காரணங்களைத்தான் ஏற்கிறது: விவாகத்தின் பின் நேர்ந்த சோரம், வன்மமான கைவிடுகை, விவாக வேளையிலேயே இருந்த தீராத தாம்பத்திய இயலாமை. பிள்ளையின் பரம்பரை நோய் இவற்றுள் எதிலும் அடங்காது. அன்றியும், 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின்படி, மனைவிக்கும் மாற்றுத்திறனாளியான பிள்ளைக்கும் பராமரிப்புக் கேட்டு நீதவான் நீதிமன்றம் செல்லலாம். அத்தகைய பிள்ளை வளர்ந்து பெரியவனான பின்னரும் அவ்வுரிமை அற்றுப்போவதில்லை. இவற்றையெல்லாம் எடுத்துக் கூறினோம். அவர் முகத்தில் தெளிவு பிறக்கவில்லை. சட்டம் கைவிடாது என்ற உறுதியைப் பெற்றுக்கொண்டார். ஆயின் தாமே குற்றவாளி என்ற தீர்ப்பைத் தம் நெஞ்சுக்குள் அவர் என்றோ எழுதி முடித்துவிட்டிருந்தார். அத்தீர்ப்புக்கு எதிராக எந்த நீதிமன்றில் மேன்முறையீடு செய்வது?

அச்சிறுவனுக்கு வந்திருப்பது டுஷேன் தசைச்சிதைவு என்னும் நோய். ஆண் குழந்தைகள் 3,500 முதல் 5,000 பேர் பிறந்தால் அவர்களுள் ஒருவருக்கு வருவது. நான்கைந்து வயதில் அடிக்கடி விழுவான். எழும்போது தன் தொடைமீது கையூன்றி எழுவான். ஏறத்தாழப் பன்னிரண்டு வயதளவில் நடை நின்றுபோகும். பின்னர் மூச்சும் இதயமும் தளரும். நோயை வேரறுக்கும் மருந்து இன்றளவும் இல்லை. ஸ்டீரோயிட் மருந்தும், தசைப் பயிற்சியும், சுவாச உதவியும் நோயின் ஓட்டத்தைத் தாமதப்படுத்தி ஆயுளை நீட்டுகின்றன.

இந்நோய்க்குக் காரணமான மரபணு தாயிடமிருந்து வரும் எக்ஸ் குரோமோசோமில் உள்ளது என்பது உண்மை. ஆனால், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகளின் தாய்மாரிடம் அக்குறை இருப்பதேயில்லை. பிள்ளையிடத்திற் புதிதாகத் தோன்றிய மாற்றமே காரணம். அக்குறையைத் தாங்கியிருக்கும் தாய்தான் அதை விரும்பித் தேடிக்கொண்டவளா? உறவுமுறைத் திருமணம் வேறு சில பரம்பரை நோய்களுக்கு வாய்ப்பைக் கூட்டும். இந்நோய்க்கோ அதுவும் காரணமன்று. முன்வினையுமன்று, கிரகண தோஷமுமன்று, யாரோ வைத்த செய்வினையுமன்று. இதே வழியில் தாய் மூலம் மைந்தனுக்கு வரும் இரத்தம் உறையா நோயை விக்டோரியா மகாராணி தம் குலத்துக்கு வழங்கினார். அவருடைய மகன் லியோபோல்ட் அந்நோயினர். ருசிய முடிக்குரிய இளவரசன் அலெக்சி வரை அது தொடர்ந்தது. லூல்கந்துரவில் 1867 இல் தேயிலை நடப்பட்டபோது இந்நாட்டை ஆண்டவர் அந்த மகாராணியே. அவரை எவராவது தள்ளிவைக்கத் துணிந்தனரா? அரண்மனைக்கு ஒரு நியாயம், லயத்துக்கு ஒரு நியாயமா?

இத்தகைய பிள்ளையை வளர்க்கும் குடும்பத்தின் மனநிலையை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் எழுந்து மகனைக் குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டிவிட்டுப் பெரட்டுக் களத்துக்கு ஓடவேண்டும். பிந்தினால் பேர் இல்லை. பேர் இல்லையேல் சம்பளமில்லை. கிளினிக் நாளென்றால் அன்றைய பேர் முழுவதும் போயிற்று. பேராதனைச் சிறுவர் வைத்தியசாலைக்கோ கொழும்புக்கோ செல்வதாயின் இருட்டிற் புறப்பட்டு இருட்டில் திரும்ப வேண்டும். இரவிலும் பிள்ளையைப் புரட்டிப் படுக்கவைக்கப் பலமுறை எழவேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் அழுவதற்குக்கூட மறைவிடமில்லை. தகப்பனோ தன் துயரைச் சொல்ல வகையறியாது கள்ளிலும் சாராயத்திலும் அதைக் கரைக்க முயல்கிறார். மூத்த பெண்பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டுத் தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள்; "நாளை எனக்கும் இப்படிப் பிள்ளை பிறக்குமோ?" என்ற அச்சத்தையும் வெளியே சொல்லாது சுமக்கிறாள். உறக்கமின்மை, பசியின்மை, யாரோடும் பேச மனமின்மை, இருந்தென்ன பயன் என்னும் வெறுமை — இவை சோம்பலுமல்ல, பேய்க்கோளாறுமல்ல. மருத்துவம் மனச்சோர்வு என்று பெயரிட்டுக் குணப்படுத்தக்கூடிய நோய் இது. பிள்ளையின் நோய்க்குத் தீர்வில்லை. தாயின் நோய்க்குத் தீர்வுண்டு. தீர்வுள்ள நோயையும் தீர்க்காது விட்டிருப்பதுதான் நமது குற்றம்.

"மனநோயா? அங்கொடைக்கு அனுப்பு" என்று ஏளனம் பேசும் வழக்கம் நம்மிடையே இன்னும் ஒழியவில்லை. ஏளனத்துக்கு அஞ்சியே பலர் வாய் மூடியிருக்கின்றனர். அந்த மௌனத்தின் முடிவு எங்கே போய் நிற்கும் என்பதை இந்நாடு நன்கறியும். 1990 களின் நடுப்பகுதியில், தற்கொலை வீதத்தில் உலகின் முன்வரிசையில் இலங்கை நின்றது. தோட்டங்களிலும் மரக்கறிச் செய்கையிலும் கைக்கெட்டிய தூரத்திலிருந்த பூச்சிநாசினியே பெரும்பாலும் கருவியாயிற்று. 1995 இல் மொனோகுரோட்டொபொஸ், மெதமிடொபொஸ் ஆகியனவும் 1998 இல் எண்டோசல்பானும் தடுக்கப்பட்டன. அவ்வீதம் பின்னர் பெருமளவு வீழ்ந்தது. பயிரும் அழிந்துவிடவில்லை, உயிர்களும் தப்பின. மனத்துயரிற் சட்டத்துக்கு என்ன வேலை என்று வினவுவோருக்கு இதைவிட வேறு விடை வேண்டுமோ?

தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளைத் தோட்டமே கவனிக்கவேண்டுமென வெள்ளையர் ஆட்சியே 1912 இல் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் இயற்றியது. அது கருணையால் அன்று; கொழுந்து பறிக்கும் கை ஓயக்கூடாதே என்ற கணக்கினால். கோ. நடேசய்யர் 1931 இல் சங்கம் எழுப்பிய நாள்முதல் நாம் சம்பளத்துக்குப் போராடினோம். 1948 இல் பறிக்கப்பட்ட குடியுரிமைக்குப் போராடினோம். வீட்டுக்கும் காணிக்கும் இன்றும் போராடுகிறோம். அவை யாவும் வேண்டியனவே. ஆனால், நமது கோரிக்கைப் பட்டியல்களில் இத்தகைய தாயின் பெயர் எங்கேனும் உண்டா? எமது கையால் எழுதிய பட்டியல்களிலும் இல்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

சட்டப் புத்தகத்தில் நமக்கு இடமில்லாமலில்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28 ஆம் இலக்கச் சட்டம் 1996 இல் நிறைவேறியது. ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சாசனத்தை இலங்கை 2016 இல் ஏற்றுறுதி செய்தது. அச்சாசனத்தின் 28 ஆம் உறுப்புரை, வறுமையில் வாழும் மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டுமன்றி அவர்தம் குடும்பத்தினருக்கும் நிதி உதவியும், பயிற்சியும், உளவள ஆலோசனையும், பராமரிப்போர் சற்றே இளைப்பாற ஏற்பாடும் அரசு வழங்கவேண்டும் என்கிறது. அதே 2016 இல் இந்தியா இயற்றிய சட்டம் 21 வகைக் குறைபாடுகளை எண்ணி, தசைச்சிதைவையும் தலசீமியாவையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. சேலத்தில் வானவன் மாதேவி, இயலிசை வல்லபி என்னும் சகோதரியர், தாமே தசைச்சிதைவு நோயினராயிருந்தும் ஆதவ் அறக்கட்டளையை நிறுவி அந்நோயினருக்குத் தொண்டாற்றினர். வானவன் மாதேவி 2017 இல் மறைந்தார். அவர் தொடங்கிய பணி தமிழகமெங்கும் அறியப்பட்டது. நடக்கவியலாத இரு பெண்கள் செய்ததை, நடக்க வல்ல நாம் ஏன் செய்யவில்லை?

ஆதலின் நாம் கேட்பவை இவை. முதலாவது, பரம்பரை நோயுள்ள பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டுசெல்லும் நாளில் தாய்க்கோ தகப்பனுக்கோ முழுப்பேர் போடப்படவேண்டும்; அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் எல்லாச் சங்கங்களும் இதனை வலியுறுத்துக. இரண்டாவது, பிள்ளைக் காம்பராக்கள் கைக்குழந்தைகளோடு இப்பிள்ளைகளையும் ஏற்கட்டும். காம்பரா நடத்துவோருக்கு அதற்கான பயிற்சி அளிக்கப்படட்டும். மூன்றாவது, நோயின் தன்மையும் மரபுவழியும் பெற்றோருக்குத் தமிழில், தனிமையில், தந்தையும் தாயும் உடனிருக்க விளக்கப்படவேண்டும். தமிழும் அரசகரும மொழியென அரசியலமைப்பு கூறுகிறது; அவ்வாறிருக்க, நடைபாதையில் யாரோ அரைகுறையாக மொழிபெயர்த்த ஒரு வசனமே எம்மிடம் வந்த தாயின் வாழ்வைக் குலைத்தது. நான்காவது, பிள்ளையைப் பரிசோதிக்கும் ஒவ்வொரு முறையும் "நீங்கள் உறங்குகிறீர்களா, அம்மா?" என்று தாயிடமும் கேட்கும் வழக்கம் தோட்ட வைத்தியசாலைகளிலும் திக்கோயா வைத்தியசாலையிலும் நிலைபெறட்டும். வேண்டியவர்கள் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தை அழைக்கலாம் என்பதையும் தோட்டந்தோறும் எழுதி வைப்போமாக.

"விரல்விட்டு எண்ணத்தக்க பிள்ளைகளுக்காக ஏழை நாடு இவ்வளவு செய்ய இயலுமா?" எனச் சிலர் வினவுவர். ஒவ்வொரு நோயும் அரிதுதான். ஆனால் அரிய நோய்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன, உலகெங்கும் முப்பது கோடி மக்கள் அவற்றால் வருந்துவதாக மதிப்பிடப்படுகிறது. அன்றியும் நாம் கேட்டவற்றுள் கோடி ரூபா விலையுள்ள மருந்து ஒன்றுமில்லை. ஒரு நாட் பேர், ஒரு காம்பராவில் இடம், தாய்மொழியில் ஒரு விளக்கம், ஒரு கேள்வி — இவைதாம்.

அரசு செய்யும்வரை நாமும் காத்திருக்க வேண்டியதில்லை. மருத்துவர்களும் ஆசிரியர்களும் சட்டத்தரணிகளும் மாதத்தில் ஒரு ஞாயிறை ஒதுக்கி, இப்பெற்றோரை ஹட்டனில் ஒரு மண்டபத்தில் ஒன்றுகூட்டலாம். தன்னைப்போல் இன்னொரு தாய் உண்டென்று அறிவதே பாதி மருந்து. கமக்காரர்கள் தத்தம் ஊரில் அத்தகைய வீட்டின் படலையைத் தள்ளி உள்ளே செல்லலாம். ஒரு பொழுது அப்பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறோம், நீ உறங்கு தாயே என்று சொல்லலாம்.

அன்று அத்தாய் விடைபெறும்போது, மகனைக் கீழே சுமந்து செல்ல எமது எழுதுவினைஞர் முன்வந்தார். "வேண்டாங்க ஐயா, எனக்குப் பழகிப்போச்சு" என்றார் அவர். அந்தப் பழக்கத்தைப் போக்குவதே இனி நமது வேலை.