மேசை அளவுக் கருவி நகத்தளவு ஆகிறது!
ஸ்ரீபெரும்புதூருக்குப் புதுத் தொழில் வருமா?

ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் செய்கிறார்கள். ஒரகடத்தில் கார் செய்கிறார்கள். நாளைக்கு அங்கே "அமுக்கிய ஒளி" தரும் கருவியும் தயாராகுமா?

"ஒளியை அமுக்குவதா? அது எப்படி?" என்று கேட்பீர்கள்.

பலூன் போல!

லேசர் ஒளி பார்வைக்கு நிலையாகத் தெரியும். ஆனால் அதில் மிக நுண்ணிய நடுக்கம் உண்டு. ஒளியின் பலமும் நடுங்கும். அலை வரும் நேரமும் நடுங்கும். இதை அடியோடு ஒழிக்க முடியாது. இது இயற்கையின் விதி.

பலூனை ஒரு பக்கம் அமுக்கினால், இன்னொரு பக்கம் புடைக்கும். அதுபோல, விஞ்ஞானிகள் ஒரு நடுக்கத்தைக் குறைத்து மற்றதைக் கூட்டிவிடுகிறார்கள். குறைந்த பக்கத்தைக் கொண்டு அளந்தால், மிகத் துல்லியமாக அளக்கலாம்.

1985ல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிச் சாலையில் இதை முதலில் செய்து காட்டினார்கள். விண்வெளியில் இருந்து வரும் ஈர்ப்பு அலைகளைப் பிடிக்க, அமெரிக்காவின் லைகோ நிலையங்கள் 2019 முதல் இதைப் பயன்படுத்துகின்றன.

மேசையில் இருந்து சில்லுக்கு

ஆனால் ஒரு சங்கடம். லேசர், கண்ணாடிகள், படிகம் எல்லாம் சேர்ந்து ஒரு பெரிய மேசையை நிறைத்துவிடும். தூக்கிச் செல்ல முடியாது. 2021ல் கனடாவின் சனாடு கம்பெனி, நகத்தளவு சில்லிலேயே ஒளியை அமுக்கிக் காட்டியது. லேசர் மட்டும் வெளியே இருந்தது.

நம் நாட்டில் 2023ல் தேசிய குவாண்டம் திட்டத்துக்கு மத்திய அரசு சுமார் 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. அதில் செய்தித் தொடர்பு ஆராய்ச்சிக்குச் சென்னை ஐ.ஐ.டி. தலைமை வகிக்கிறது. ஒளிச் சில்லு ஆராய்ச்சியும் அங்கே நடக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் அங்கிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம்தான்!

கைத்திறனே முதல்

சில்லு மட்டும் போதாது. மயிரிழை போன்ற கண்ணாடி நாரை அதில் பிசகாமல் ஒட்டவேண்டும். ஒளி சிந்தச் சிந்த, அமுக்கிய பலன் குறைந்துவிடும். பெட்டிக்குள் சூடும் மாறக்கூடாது. இது தேர்ந்த தொழிலாளியின் வேலை.

2006ல் ஸ்ரீபெரும்புதூரில் திறந்த நோக்கியா ஆலை, 2014ல் மூடப்பட்டது. வரி வழக்கு, கம்பெனி கைமாறியது என்று காரணங்கள் பல. வேலை இழந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். ஆலை போகலாம், கற்ற நுட்பம் போகாது.

அமுக்கிய ஒளிக் கருவி லட்சக்கணக்கில் விற்கும் சரக்கு அல்ல. உடனே ஆயிரம் பேருக்கு வேலை தராது. ஆனால் கண்ணாடி நாரை ஒட்டும் கலை, எல்லா ஒளித் தொடர்புக் கருவிகளுக்கும் தேவை. அதை நம் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கு இன்றே கற்றுத் தரவேண்டும். வெளிநாட்டுச் சில்லை வாங்கிப் பூட்டும் ஊர், சில்லுக்கு உயிர் கொடுக்கும் ஊராக மாற அதுவே வழி.