தாய்க்குமா பார்வை நேரம்?

நோயாளியைக் காண வருவோர்க்கு மருத்துவமனைகள் பார்வை நேரம் குறித்திருப்பது முறைதான். உற்றாரும் ஊராரும் நினைத்தபோதெல்லாம் நுழைந்தால் மருத்துவர் எவ்வாறு பணிபுரிவார்? ஆனால் பெற்ற தாயையும் அந்த வரிசையில் கொண்டுபோய் நிறுத்துவது எந்த நியாயம்? குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பேழைக்குள் கிடக்கும் குழந்தையைப் பெற்றவள் பார்க்க, மாலையில் அரைமணி நேரம் என்று வரையறுக்கும் வழக்கம் நம் நகரங்களில் இன்னும் முற்றாகப் போகவில்லை. அது போகவேண்டும் என்பதே என் கட்சி.

விஞ்ஞான மாணவனுக்குத் தாய்ப்பாசத்தில் என்ன வேலை என்று நண்பர்கள் நகைக்கலாம். எங்கள் ஆய்வுக்கூடத்திலும் இன்குபேட்டர் உண்டு. அதில் பாக்டீரியாக்களை வளர்க்கிறோம். சூடும் ஈரமும் சரியாக இருந்தால் போதும், அவை வளரும். மனிதக் குழந்தைக்கும் அவ்வளவு போதும் என்று நினைத்த காலம் ஒன்று இருந்தது. அமெரிக்காவின் கோனித் தீவில் மார்ட்டின் கூனி என்பவர் 1903 முதல் 1943 வரை இன்குபேட்டர்க் குழந்தைகளைப் பொருட்காட்சியாகவே வைத்திருந்தார். பல உயிர்களை அவர் காத்தார் என்பதும் உண்மை. ஆனால் அங்கே காசு கொடுத்த எவரும் பார்க்கலாம். பின்னாளைய மருத்துவமனைகளிலோ தாயே கண்ணாடிக்கு அப்பால்!

37 வாரம் நிறையுமுன் பிறப்பதைக் குறைப்பிரசவம் என்கிறோம். 2020ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் அவ்வாறு பிறந்தன. அவற்றுள் சுமார் 30 லட்சம் நம் நாட்டில். தீவிர சிகிச்சைப் பிரிவில் இவை படும் பாடு சொல்லி மாளாது. மூக்கிலே குழாய், குதிகாலிலே ஊசி, அணையாத விளக்கு, ஓயாத மணியொலி. பாரிஸ் வட்டார மருத்துவமனைகளைப் பற்றி 2008இல் வெளிவந்த ஆய்வொன்று, குழந்தை ஒன்றுக்கு நாளொன்றுக்கு வலிதரும் செயல்கள் மட்டும் சராசரியாக 10 என்று கணக்கிட்டது. பச்சைக் குழந்தைக்கு வலி தெரியாது என்று நம்பி, மயக்கமருந்தைப் பெயரளவுக்குக் கொடுத்து அறுவை செய்த காலமும் பழங்காலமன்று. இந்தியாவில் மருத்துவம் பயின்று ஆக்ஸ்ஃபோர்டு சென்ற கன்வல்ஜீத் ஆனந்த், அத்தகைய அறுவைக்குள்ளான குறைமாதக் குழந்தைகளின் இரத்தத்தில் மனஅழுத்த ஹார்மோன்கள் பொங்கி எழுவதை 1987இல் அளந்து காட்டினார். வாய் பேசாத சிசுவுக்காக ஹார்மோன் சாட்சி சொல்லிற்று.

அந்தக் கொதிப்பைத் தணிக்கும் அருமருந்து தாயின் மார்பு. கொலம்பியா நாட்டின் பொகோட்டாவில் 1978இல் எட்கர் ரேய் சனாப்ரியா என்ற மருத்துவர், இன்குபேட்டர்கள் போதாமையால், குழந்தைகளைத் தாயின் மார்போடு தோலோடு தோலாகக் கட்டிவைக்கச் சொன்னார். கங்காரு முறை பிறந்தது. ஏழைக்கு வேறு வழியில்லாமல் வந்த வைத்தியம் என்று அதனை ஒதுக்கியவர் பலர். 2021இல் வெளியான ஆய்வு அவர்களுக்கு விடை கூறிற்று. இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில், 1 கிலோவுக்கு மேல் 1.8 கிலோவுக்குட்பட்ட 3,211 குழந்தைகள். உடல் தேறட்டும் என்று காத்திராமல் உடனே மார்பில் சேர்த்தவர்களில் 28 நாட்களுக்குள் இறந்தோர் 100க்கு 12.0, வழக்கமான முறையில் 15.7. இந்தியப் பங்கு டில்லி சப்தர்ஜங் மருத்துவமனையுடையது. அங்கே தாய்மார்க்குத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே படுக்கை போட்டார்கள். தாய் வந்தால் கிருமி வரும் என்பாரே, அந்த ஆய்வில் தொற்று குறைந்ததேயன்றிக் கூடவில்லை!

என் அக்காள் தருமபுரியிலிருந்து இங்கு வந்து குடியேறியவள். அவள் குழந்தை 31ஆம் வாரத்தில், இந்நகரத்து மருத்துவமனை ஒன்றில் பிறந்தது. பத்தொன்பது நாள் கதவுக்கு வெளியே ஒரு பெஞ்சியில் இருந்தாள். பீய்ச்சிய பாலைச் சிறு கிண்ணத்தில் வாங்கிக்கொள்வார்கள், கதவு சாத்தப்படும். அவள் பால் உள்ளே போகலாம், அவள் போகலாகாது. செவிலியோ மலையாளி. நல்ல பெண். இருவரும் பாதி தமிழிலும் பாதி சைகையிலும் பேசிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்தபின் குழந்தையைத் தூக்கவே அவள் அஞ்சினாள்; தன் பிள்ளையை யாரோ இரவல் தந்ததுபோலப் பார்த்தாள்.

ஒன்று சொல்லவேண்டும். பிறந்த முதல் சில மணி நேரத்தில் பிணைப்பு ஏற்படாவிடில் பிறகு ஏற்படவே ஏற்படாது என்று 1970களில் எழுந்த கருத்து மிகையானது. அதைச் சொல்லித் தாய்மாரை அச்சுறுத்துவது இன்னொரு கொடுமை. என் அக்காளுக்கும் மகனுக்கும் இன்று ஒரு குறையுமில்லை. ஆயினும் அந்தப் பத்தொன்பது நாள் துன்பம் யாருக்காக?

அடுகோடியை அடுத்து ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸில், பேறுகாலத்துக்குப் பின் மனநோயுற்ற தாயைக் குழந்தையோடு சேர்த்தே அனுமதிக்கும் பிரிவு 2009இல் தொடங்கப்பட்டது. மனம் நோயுற்ற தாயையும் சேயையும் பிரிக்காமல் காக்க வழி கண்டிருக்கிறோம். மற்றத் தாய்மாரிடம் என்ன அச்சம்? சர்ஜாபூர் சாலை செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியினர் கொப்பள மாவட்டத்தில் கங்காரு முறையைப் பரப்பி ஆய்ந்திருக்கின்றனர். சிகிச்சையில் குடும்பத்தையும் சேர்த்துக்கொள்ளுமாறு நடுவணரசே 2017இல் நெறிமுறை வகுத்தது. தாளில் உள்ளது வார்டுக்குள் வர இத்தனை ஆண்டா?

கதவைத் திறந்தால் மட்டும் போதாது. நாளொன்றுக்கு 8 மணி முதல் 24 மணி நேரம் குழந்தை மார்பில் இருக்கவேண்டும் என்பது 2022இல் உலக சுகாதார நிறுவனம் தந்த பரிந்துரை. கட்டட வேலைக்குப் போகும் சித்தாளும், வீட்டு வேலை செய்யும் பெண்ணும் அத்தனை நேரம் அமர்ந்தால் அடுப்பெரிப்பது யார்? சட்டம் 2017இல் பேறுகால விடுப்பை 26 வாரமாக உயர்த்தியது. இவர்களுக்கு அது எட்டவில்லை. பிரிட்டனில் 2025 ஏப்ரல் முதல், மருத்துவமனையில் தங்கும் சிசுவின் தாய்க்கும் தந்தைக்கும் 12 வாரம் வரை கூடுதல் விடுப்பு உண்டு. இங்கே இன்குபேட்டர் வாங்கப் பட்டியல் போடும்போதே, அதன் பக்கத்தில் ஒரு சாய்வு நாற்காலி, தாய்க்கொரு கட்டில், அவள் இழக்கும் கூலி ஆகிய மூன்றுக்கும் தொகை எழுதட்டும்.