எகிப்தின் மம்மியும் யோசேப்பின் எலும்புகளும்



தாய் தகப்பன் இருவரும் வேலைக்குச் செல்லும் நகரத்து வீடுகளில், பள்ளிவிட்டு வரும் பிள்ளைக்குக் கணினியே துணையாகிவிட்டது. அதில் பிள்ளை என்ன விளையாடுகிறது என்று நாம் விசாரிப்பது அரிது. ஆகவே இம்மாதம் ஒரு விளையாட்டை எடுத்துக்கொள்வோம். ‘ஸ்பிங்க்ஸ் அண்ட் த கர்ஸ்ட் மம்மி’ என்பது பண்டைய எகிப்தைக் களமாகக் கொண்ட சாகச விளையாட்டு. 2003-இல் தொலைக்காட்சியோடு இணைக்கும் விளையாட்டுக் கருவிகளுக்காக வெளிவந்த இது, 2017-இல் கணினிக்கும் வந்தது.

இளவரசன் துட்டன்காமன் ஒரு மந்திரச் சடங்கினால் மம்மியாகிவிடுகிறான். ஏற்கெனவே மரித்தவனாதலால் அவனுக்கு மறுபடியும் சாவில்லை. அவன்மேல் தீப்பற்றினால் அத்தீயைக்கொண்டே தடைகளை எரிக்கிறான். நசுக்கப்பட்டால் தட்டையாகிக் கம்பிகளின் நடுவே நுழைகிறான். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். புதிர்கள் புத்திக்கு வேலை தருபவை என்பதையும் ஒப்புக்கொள்ளவே வேண்டும்.

ஆயினும் சரித்திரத்தை இதில் கற்கலாம் என்று எண்ணிவிடாதிருங்கள். இங்கே துட்டன்காமனின் சகோதரனாக வரும் அக்கெனாட்டனை அவனுடைய தகப்பன் என்றே அறிஞர் பலர் கருதுகின்றனர். மந்திரவாதியாக வரும் இம்ஹோடெப், உண்மையில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முற்பட்ட ஓர் அரசனின் மந்திரி. தீயவனாக வரும் சேத் எகிப்தியரின் தேவர்களில் ஒருவன். ஆதாமின் குமாரன் சேத் அல்ல. பெயரைக் கேட்டுச் சிறுபிள்ளை குழம்பக்கூடும்.

“தேவர்களும் மந்திரமும் நிறைந்த இதை விசுவாசியின் வீட்டில் வைக்கலாமா?” என்று கேட்பீர்கள். கதையையும் மெய்யையும் பிரித்தறியாத வயதில் வேண்டாம் என்பதே என் எண்ணம். வளர்ந்த பிள்ளையிடமிருந்து பறித்தாலோ, அது நண்பன் வீட்டில் விளையாடும். அங்கே விளக்கிச் சொல்ல நீங்கள் இருக்கமாட்டீர்கள். அருகே அமர்ந்து, வேதத்தைத் திறப்பதே மேல்.

எங்கே திறப்பது? ஆதியாகமம் 50-ஆம் அதிகாரத்தில். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு யாக்கோபும் யோசேப்பும் எகிப்திய முறையில் சுகந்தவர்க்கமிடப்பட்டவர்கள் என்று தெரியும்? யாக்கோபுக்கு அதற்கு 40 நாள் சென்றது, எகிப்தியர் 70 நாள் துக்கங்கொண்டாடினர் என்கிறது 3-ஆம் வசனம். உடலை நேட்ரான் என்னும் உப்பில் ஏறக்குறைய 40 நாள் உலரவைத்து, 70 நாளில் வேலையை முடிப்பது எகிப்தியர் வழக்கம் என்று ஆராய்ச்சியாளரும் கூறுகின்றனர். ஈரல், நுரையீரல், இரைப்பை, குடல் ஆகியவற்றை வெளியே எடுத்து நான்கு ஜாடிகளில் காத்தனர். இருதயத்தை மட்டும் உடலிலேயே விட்டனர். விளையாட்டில் வரும் ஜாடிகளைக் காணும்போது இதைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

பிறகு துட்டன்காமனையும் யோசேப்பையும் அருகருகே வைத்துக் காட்டுங்கள். இளமையிலேயே மரித்த அந்த அரசனைப் பொன்னோடும் இரதங்களோடும் அடக்கம்பண்ணினார்கள். 1922-இல் ஹோவர்ட் கார்ட்டர் கல்லறையைக் கண்டுபிடித்தபோது, பொன்னும் இருந்தது, பிரேதமும் அப்படியே இருந்தது. யோசேப்போ எகிப்து முழுவதற்கும் அதிபதி. அங்கே உயர்ந்த கல்லறை ஒன்றைப் பெற்றிருக்கக்கூடியவன். அவன் கேட்டதெல்லாம் தன் எலும்புகளை அங்கே விட்டுவிடக்கூடாது என்னும் ஓர் ஆணை மாத்திரமே. புறப்பட்ட இரவின் அவசரத்திலும் மோசே அவைகளை மறக்கவில்லை (யாத்திராகமம் 13:19). வனாந்தரத்தில் நாற்பது வருஷம் அலைந்தபின்பு, அவை சீகேமில் அடக்கம்பண்ணப்பட்டன (யோசுவா 24:32).