ஒலிவாங்கிக்கு முன் அறை

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையூர்களில் களப்பணி செய்வோருக்கு ஒரு வேண்டுகோள்: ஒலிவாங்கியை மாற்றுமுன் அறையைத் திருத்துங்கள். 1956 நவம்பர் 1இல் விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அங்குள்ள தமிழில் ரகர, றகர வேறுபாடு நிலைக்கிறதா என்பதே என் வினா.

கான்கிரீட் கூரையும் டைல்ஸ் தரையும் கொண்ட அறையில் ஒரு மூதாட்டியின் பேச்சைப் பதிந்தேன். விடை கிடைக்கவில்லை. நாநுனி தொட்டு மீளும் கணப்பொழுது இடைவெளியை முந்தைய உயிரின் எதிர்முழக்கம் நிரப்பிவிட்டது. மென்பொருளால் அதைக் களைய முயன்றால் சான்றும் சிதையலாம்.

அறையின் கொள்ளளவும் பரப்புகளின் உறிஞ்சுதிறனுமே எதிர்முழக்கத்தின் நீளத்தைத் தீர்மானிக்கின்றன என்பதை வாலஸ் சபைன் ஹார்வர்டில் இருக்கை மெத்தைகளைக் கொண்டே கண்டறிந்தார். நமக்கும் மெத்தை, சமுக்காளம், கனத்த போர்வைகள் போதும். வெளியிரைச்சலை இவை தடுக்கா என்பது வேறு.

கருவியைப் பிறகும் வாங்கலாம். அந்தக் குரல் நமக்காகக் காத்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை.